பெரிய சாருக்குச் சாமி வந்த சனிக்கிழமை

காரவள்ளியில் பஸ் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே வந்து இறங்கியதும் "இந்த ஊர்தானா கிடைச்சுது?" என்று மனசுக்குள் அழுதிருப்பீர்கள். அழுதது போதும், புது வாத்தியார்களே, முகத்தைக் கழுவிக்கொண்டு உட்காருங்கள். கொல்லிமலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழாசிரியையாகவும் பெண்பிள்ளைகள் விடுதியின் காப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாடம் எப்படி நடத்துவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கென்று பயிற்சி வகுப்பு வைத்து, பருப்பு வடையும் கொடுத்து, உங்களைத் தூங்க வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வகுப்பில் யாருமே வாய் திறக்காத ஒரு வேலை இருக்கிறது. அது சனிக்கிழமை சாயங்கால வேலை.

எங்கள் பக்கம் சனிக்கிழமை சந்தை. ஆலத்தூர் நாடு, திண்ணனூர் நாடு என்று (இங்கே நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம்) சுற்றுப்பட்டு நாடுகளிலிருந்து மிளகும் மரவள்ளியும் சுமந்து சந்தைக்கு வருகிற அப்பன் ஆத்தாள் எல்லாம் போகிற போக்கில் பிள்ளைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் முதுகு மறைந்ததும் பிள்ளைகளுக்குக் கால் பரபரக்கும். இப்போதுதான் குழாயடியில் வரிசையில் நின்றதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் வரிசையில் பாதி இருக்காது. மலைப் பாதை நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை நாம் மூச்சு வாங்க நடந்துபோய்க் கூப்பிட்டு வரவேண்டும்.

இதற்கு மருந்தாக, எனக்கு முந்தைய காலத்துத் தலைமையாசிரியர் யாரோ ஒரு வழக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை டீ முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளைத் தலைமையாசிரியரே மகிழ்விக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் ஆடிப் பாடினால் செல்லாது. வாரமெல்லாம் முறைத்துக்கொண்டு திரிகிற மனுசன் கோமாளி ஆவதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் ஓடாமல் இருப்பார்கள். இது எந்த விதியிலும் கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடத்துச் சாவியோடும் மணியோடும் இந்தத் தலைவலியும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஒருவர் வந்தார். மேஜிக் செய்வார். பிள்ளையின் காதிலிருந்து காசு எடுப்பார். முதல் வாரம் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாவது வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, காதிலிருந்து முட்டை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள், அன்றைக்கு முட்டை வண்டி வரவில்லை. அத்தோடு அவர் மேஜிக் பெட்டியை மூடிவிட்டார். அடுத்து வந்தவர் தனக்குச் சங்கீதம் வரும் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். அவர் கண்ணைத் திறக்கும்போது கூடத்தில் நானும் தூணும்தான் இருப்போம், பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இன்னொரு புண்ணியவான் பேய்க்கதை சொன்னார். ஒரு பிள்ளைகூட ஓடவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளைகூடக் கழிவறைக்கும் தனியாகப் போகவில்லை. வாரமெல்லாம் டார்ச் லைட்டோடு வாசலில் காவல் நின்றவள் நான்தான். அவரை நான் திட்டிய திட்டு அவருக்கே தெரியாது.

அப்புறம்தான் நம்மவர் வந்தார். கோயம்புத்தூர் டவுன்காரர். தொப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி, கணக்கு வாத்தியார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூஞ்சி வெளிறிக் கிடந்தது. இவர் எத்தனை வாரம் தாங்குவார் என்று ஆசிரியர் அறையில் பேசிச் சிரித்தோம்.

முதல் சனிக்கிழமை கூடத்தின் நடுவே வந்து நின்று, அவர் ஏறி வந்த பஸ்ஸின் கண்டக்டராக மாறினார். வளைவில் சாய்ந்துகொண்டே சீட்டுக் கிழிப்பது, வாந்தி எடுப்பவருக்கு ஜன்னல் காட்டுவது, எல்லாம் அச்சு அசல். பிறகு சாம்பாரை ருசி பார்க்க வரும் மேலதிகாரி. ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிற ஆள். கடைசியில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தோளை ஒருபக்கம் இறக்கி, தட்டுகளை எட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு நடை நடந்தார். "ஏ கண்ணு, சோத்தை மிச்சம் வெச்சே, நாளைக்குத் தட்டே கெடையாது பாத்துக்க." பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். அது நான்தான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் ஜன்னல் கண்ணாடியில் என் நடையைப் பார்த்தேன். தோள் ஒருபக்கம் இறங்கித்தான் இருந்தது. என்ன சொல்ல? அந்தப் பருவம் முழுக்க ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. மழை நாளில்கூட, சந்தைக்கு வந்த பெற்றோர் வாசலில் நின்று இவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார்கள்.

ஐப்பசி மழை பிடித்தபோது அவருக்குச் சரக்கு தீர்ந்துபோனது. ஒரு சனிக்கிழமை காலையில் என்னிடம் வந்து, இன்றைக்குச் சாமியாடி வேஷம் போடப் போவதாகச் சொன்னார். டி.வி. காமெடி நிகழ்ச்சியில் பார்த்ததுதான் அவருக்குத் தெரிந்த சாமியாட்டம். இந்த மலையில் சாமி இறங்கிச் சொல்லும் வாக்கு விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். கல்யாணம், காடு, நோய் என்று எதற்கும் ஊர் நடுவே நின்று சாமியிடம் கேட்பார்கள். கேட்டுவிட்டால், பதில் வரும்வரை அந்தக் காரியம் ஓர் அடி நகராது. கேட்ட கேள்விக்கு அவ்வளவு மரியாதை.

"உங்களையே பண்ணிட்டேன் டீச்சர்," என்றார். "உங்களைவிடவா சாமிக்குக் கோபம் வந்துடப் போவுது?"

ஆசிரியர் அறையே சிரித்தது.

சாயங்காலம் இடுப்பில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. வேப்பங்கொப்பு அவசரத்துக்குக் கிடைக்காததால் மிளகுக்கொடி படர விட்டிருந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டார். சமையல்காரர் அலுமினியத் தட்டைத் தட்டினார். பி.டி. மாஸ்டர் போனில் படம் பிடித்தார், டவர் கிடைக்காத புண்ணியத்தால் அது ஊருக்குப் போகவில்லை. நம்மவர் நாக்கைத் துருத்தி, தொப்பை குலுங்க ஆடி, "நான் மாசாமாசம் சம்பளம் வாங்குற சாமிடா" என்று உறுமியதும் பெரிய பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் சிலர் மட்டும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது பெண்பிள்ளைகள் வரிசையிலிருந்து கோகிலா எழுந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. திண்ணனூர் நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊர். அதிகம் பேசாத பெண். நேராக அவர் முன்னால் வந்து, தலை குனிந்து, கோயிலில் நிற்பதுபோலவே நின்றாள்.

"சாமி, தை மாசம் எனக்குக் கல்யாணம்னு ஊட்டுல பேசிப்போட்டாங்க. மாமன் மகனுக்கு. நான் பத்தாவது எழுதோணும். கட்டிக்கட்டுமா, படிக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

தட்டுச் சத்தம் நின்றது. சிரிப்பும் நின்றது. அத்தனை பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கொப்பை ஓங்கியபடியே அவர் நின்றார். நான் மனசுக்குள் அவருடைய மாறுதல் உத்தரவையே படிக்கத் தொடங்கிவிட்டேன். இது வேஷம் என்று சொன்னால் அந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டு உட்கார வேண்டும், இனி எவரிடமும் எதுவும் கேட்கமாட்டாள். படி என்று சாமியாகச் சொன்னால், பொய்ச் சாமியின் பேரில் ஒரு குடும்பத்தின் காரியத்தைப் புரட்டியதாகும். சிரித்து மழுப்பிவிட்டால் தை மாதம் அவள் கழுத்தில் தாலி.

அவர் மழுப்பவில்லை. கொப்பைக் கீழே இறக்கினார். "இப்ப சொல்லமாட்டேன். உங்கப்பனையும் மாமனையும் கூட்டிக்கிட்டு வா. வர்ற சனிக்கிழமை. அவங்க முன்னால சொல்றேன்." சொல்லிவிட்டு, சாமி மலையேறியதுபோலப் பொத்தென்று தரையில் சாய்ந்தார். நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன்.

"டீச்சர், மாட்டிக்கிட்டேனா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நல்லாவே மாட்டிக்கிட்டீங்க சார்," என்றேன்.

அந்த வாரம் ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. சாமியாகவே படிக்கச் சொல்லிவிடுங்கள், ஒரே வார்த்தையில் வேலை முடிந்துவிடும் என்று பி.டி. மாஸ்டர் அடித்துச் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கிறதென்றால் பொய் சொன்னால் என்ன குறைந்துபோய்விடும்? தலைமையாசிரியர் தலையாட்டவில்லை. "அடுத்த வாரம் இன்னொரு புள்ள வந்து வேறொண்ணு கேக்கும். ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் துண்டைக் கட்டிக்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கணும்," என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, இந்தப் பொய் ஒருநாள் வெளியே வந்தால் தன்னை வேறு ஊருக்கு மாற்றுவார்கள், அவளை அன்றைக்கே மணையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார்.

கோகிலாவை நான் துணி துவைக்கிற கல்லருகே பிடித்தேன். ஏன் கண்ணு இப்படிக் கேட்டாய் என்றேன். "கேக்கோணும்னு தோணுச்சுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் பாவாடைக்குச் சோப்புப் போட்டாள். அய்யோ பாவம், நிஜச் சாமி என்று நம்பிவிட்டதே இந்தப் பிள்ளை என்று நினைத்தேன். அன்றைக்கு அவளுக்கு ஒரு முட்டை கூடப் போட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சனிக்கிழமை வந்தது. அடேயப்பா, கூட்டம்! பெரிய சாருக்குச் சாமி வந்துவிட்டது என்று பிள்ளைகள் வழியாகச் சந்தைக்கும் சந்தை வழியாக நாடு முழுக்கவும் சேதி போயிருந்தது. கூடத்தில் நிற்க இடமில்லை. தேங்காய் பழம் கொண்டு வந்திருந்தார்கள். கால் கட்டிய ஒரு கோழி மூலையில் கிடந்தது. காணாமல் போன கிடாரிக் கன்றைப் பற்றிக் கேட்க ஓர் அம்மா, மரவள்ளி விலை ஏறுமா என்று கேட்க ஒரு பெரியவர். முன்னால் கோகிலாவின் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாய்மாமன். காதில் கடுக்கன், கெட்டியான உடம்பு. அவர் யாரென்று சமையல்காரர் என் காதில் சொன்னார். அவர்கள் ஊர்க் கோயிலில் கொப்பைப் பிடித்துச் சாமியாடுபவரே அவர்தான். கட்டப்போகிற மாப்பிள்ளையும் அவர் மகன்தான்.

தலைமையாசிரியர் பேன்ட் சட்டையோடு வந்தார். துண்டு இல்லை, விபூதி இல்லை. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"போன வாரம் ஆடுனது சாமி இல்லீங்க. நான்தான். புள்ளைகளைச் சிரிக்க வைக்க வேஷம் போட்டேன். உங்க சாமியைக் கேலி பண்ணது தப்பு. மன்னிச்சுக்கங்க."

கோழி மட்டும் கொக்கரித்தது. நான் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சனம் கோபித்துக்கொண்டு எழுந்தால் ஆளுக்கொரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை நாங்கள் வெறும் பெஞ்சுகளுக்குத்தான் பாடம் நடத்த வேண்டும். முதலில் போகிறவள் கோகிலாவாக இருப்பாள், அவள் திரும்பி வரமாட்டாள்.

தாய்மாமன் எழுந்தார். "எங்க சாமி எறங்குனா சில்வர் ஓக் கொப்பு கேக்காதுங்க சார்," என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஆடுனது வெளையாட்டுன்னு கேட்டன்னைக்கே தெரியும். வேஷங்கட்டுனதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டீங்க, அது முடிஞ்சுது. ஆனா எங்க புள்ள கேட்டது வெளையாட்டு இல்லீங்களே. பத்துப் பேரு முன்னால நின்னு கேட்டுப்போட்டா. பதில் வராம நாங்க எப்படிப் பந்தக்கால் நடறது? அதுக்குத்தான் வந்திருக்கறோம். சாமி வேண்டாம், நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியர் பிசிறில்லாமல் பேசினார். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை, கல்யாணம் செய்தால் அது குற்றம். தனக்குத் தெரிந்தபிறகு மேலதிகாரிகளிடம் சொல்லாமல் இருக்க முடியாது, இருக்கவும் மாட்டார். ஆனால் போலீஸ் ஜீப் ஊருக்குள் வந்து, அவள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கத் தனக்கு விருப்பமில்லை. கணக்கில் அவள் வகுப்பிலேயே முதல். பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதட்டும். "பதிலு கேட்டீங்க. படிக்கணும். இதுதாங்க பதிலு."

தாய்மாமன் கோகிலா பக்கம் திரும்பினார். "ஏன் சாமி, இதை எங்ககிட்டக் கேக்கறதுக்கு என்ன? இத்தனை பேரு முன்னால நிறுத்திப்போட்டியே?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கேட்டேன் மாமா. அப்பன்கிட்டக் கேட்டேன், மாமனைக் கேளுன்னாரு. உங்ககிட்டக் கேட்டேன், பெரியவங்க பேசுனதுல நீ தலையிடாதேன்னீங்க. சார் நடிக்கறாருன்னு எனக்குத் தெரியும். ஆனா சாமின்னு நிக்கறவங்ககிட்டக் கேட்டாத்தானே பதில் வர்ற வரைக்கும் நிப்பாட்டுவீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், நம்பிவிட்டாள் என்று நான் முட்டை போட்டு வளர்த்த பிள்ளை இது! எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்த மலையின் வழக்கம் எங்கே இறுக்கும், எங்கே இளகும் என்று தெரிந்திருந்தது. கொப்போடு நின்ற தலைமையாசிரியரை அவள் ஒரு வாய்ப்பாகப் பார்த்திருக்கிறாள். நாங்கள் அவளை ஒரு பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதுவரை வாயே திறக்காத அப்பா அப்போதுதான் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு மொதல்லயே இஷ்டமில்லீங்க," என்றார், தலைமையாசிரியரைப் பார்த்து. மச்சானைப் பார்க்கத் தைரியமில்லை. "மச்சான்கிட்ட எப்படி வேண்டாங்கறதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

தாய்மாமன் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அட, இதைச் சொல்றதுக்கு உனக்கும் சாமி வரோணுமா மாப்ளே?" என்று கேட்டதும் கூடமே வெடித்துச் சிரித்தது. பிறகு அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, பன்னிரண்டாவது முடியும்வரை இந்தப் பேச்சு இல்லை, அதற்கப்புறமும் அவளாகச் சொன்னால்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊர் கேட்டுவிட்டது, இனி அது மாறாது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. சாவிக்கொத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கோழியை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு ஒரு கோழி எந்த மூலைக்கு? சமையல்காரர் ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டார், வாசனையாவது எல்லோருக்கும் கிடைத்தது. கோகிலா பத்தாவது எழுதினாள், பன்னிரண்டாவதும் எழுதினாள். மேலே படிக்க மலையை விட்டு இறங்கினாள். மாமன் மகன் திருப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவனிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் அப்புறமும் இரண்டு வருஷம் இருந்தார். சாமி பக்கமே போகவில்லை, மறுபடியும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். நான் தோளை நேராக வைத்து நடந்து பார்த்தேன், அதையும் செய்து காட்டினார்.

பிள்ளைகளா, ஒருநாள் நீங்களும் தலைமையாசிரியர் ஆவீர்கள், உங்களுக்கும் அந்த நிமிஷம் வரும். நீங்கள் கரியை மூஞ்சியில் பூசிக்கொண்டு சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து நிஜமாக ஒன்றைக் கேட்கும். அது ஏமாளி என்று முடிவு கட்டாதீர்கள். உடனே பதில் சொல்லிப் பெரிய மனுசன் ஆகவும் பார்க்காதீர்கள். தெரியவில்லையென்றால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், கேட்டால் அந்த வாரத்துக்குள் வேஷத்தைக் கழுவிவிட்டு வந்து நில்லுங்கள். நம்மவருக்கு ஆட்டம் சுமார்தான், அப்படி வந்து நிற்க மட்டும் தெரிந்திருந்தது.

கோகிலாவுக்குப் பதில் சொன்ன அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கோகிலாவைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்க வேண்டும் என்றிருந்ததை அவரே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, போன வாரமே நான் பாட்டுக்குக் கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் தட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நீங்க சாமியே இல்லைன்னு அங்கயே சொல்லியிருப்பேனுங்க சார்," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.